அலுமினியத் தகட்டுக்குள் இருந்த தேவாலயம்

போன மாதம் உங்களில் ஒருவர் தான் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை எனக்கு அனுப்பி, "அன்ரி, இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டிருந்தார். பார்த்தேன். எழுத்து சுத்தம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. கட்டடத்தை நேரில் போய்ப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் காட்டவில்லை. அதே மாதிரிச் சுத்தமான அறிக்கை ஒன்றை நானும் ஒருகாலம் எழுதினவள். என்மேல் வரவேண்டிய கோபத்தை அந்தப் பிள்ளைமேல் கொட்டுவது சரியில்லை என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பாற்ற அரசாங்கம் உதவலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லும் வேலைக்கு இப்போது எங்கட பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள். நான் வந்தபோது நான் ஒருத்திதான்.

நான் மன்னார்ப் பக்கம். கொழும்பில் அரசாங்கக் கட்டடத் திணைக்களத்தில் ஏழு வருடம் படவரைஞராக இருந்தேன். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு வெளியே வந்தோம். என் சான்றிதழ்கள், நியமனக் கடிதம், கலியாணப் பதிவு எல்லாம் அந்த வீட்டோடு போய்விட்டன. அடுத்த வருடம் நானும் என் கணவரும் ரொறன்ரோ வந்து, வெல்ஸ்லித் தெருப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். இவருக்குக் காட்போர்ட் பெட்டி செய்யும் ஃபக்டரியில் வேலை. நான் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகள் தோய்த்தேன்.

எண்பத்தாறில், நீங்கள் இப்போது வேலை செய்யும் இதே கந்தோரில் ஒரு தற்காலிக வேலைக்கு நேர்முகம் வந்தது. சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். எரிந்துவிட்டது என்றேன். எதிரே இருந்தவர், பிறகு எனக்கு சுப்பர்வைசராக வந்தவர், பேனையை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். நான் ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, ஒரு கூரையின் மரச்சட்டத்தை அளவோடு கீறிக் கொடுத்தேன். அவர் அதை வடிவாகப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வாங்கோ" என்றார். இதை நான் மறைக்கக்கூடாது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு காலம் கழித்தும் எனக்கு இந்த எரிச்சல் இருக்காது.

எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. கட்டடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பெயர் பெற்றவரா? முக்கியமான மனிதர் யாரும் அங்கே வாழ்ந்தாரா? முதலில் கட்டிய பொருட்கள் வெளியே தெரிகின்றனவா? வரலாற்றுக்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டி, கீழே கையெழுத்து வைத்தால் அது, உதவியை முடிவுசெய்யும் குழுவுக்குப் போகும். அந்தப் படிவத்தை எழுதினவர்கள் யாருடைய வீடுகளை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. எனக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது.

அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. ஒன்ராறியோவின் தென்மேற்கில், சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தப்பி எல்லை கடந்து வந்து, காடு வெட்டிக் குடியேறின இடம். அவர்கள் தங்கள் கையால் கட்டின மரத் தேவாலயம் ஒன்று அங்கே நின்றது. சபையில் மிச்சம் பதினொரு பேர். கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பனி விழுவதற்கு முன் திருத்தாவிட்டால் ஆபத்தான கட்டடம் என்று இடித்துவிடுவோம் என உள்ளூராட்சிக்காரர் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சபையின் செயலாளர் மிஸ் லூக்கஸ் என்பவர் கையால் கடிதம் எழுதி, மூன்று படங்களும் வைத்திருந்தார். படத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளை அலுமினியத் தகடு அடித்த, கார் நிறுத்தும் கொட்டகை மாதிரி ஒரு பெட்டி.

நான் படிவத்தை எடுத்தேன். கலைஞர்: இல்லை. முக்கிய மனிதர்: இல்லை. முதற் பொருட்கள்: தெரியவில்லை. எழுத்து ஆதாரம்: இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு. அரை மணித்தியாலம்கூட எடுத்திருக்காது. சுப்பர்வைசர் படித்துவிட்டு, "நல்ல தெளிவான அறிக்கை" என்றார். நான் அதை வீட்டுக்குப் போய் இவரிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

குழு அந்த விண்ணப்பத்தை மறுத்த அதே கூட்டத்தில், ஒரு பழைய மில் முதலாளியின் செங்கல் வீட்டு முன்விறாந்தையைப் புதுப்பிக்கவும், வீட்டைச் சுற்றியிருந்த இரும்பு வேலிக்குப் பெயின்ற் அடிக்கவும் உதவி கொடுத்தார்கள். அந்த வீட்டுக்கு எண்பத்தெட்டுப் புள்ளி. அதுவும் நான் போட்டதுதான்.

மறுப்புக் கடிதம் போன அடுத்த கிழமை, வரவேற்பு மேசையில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சாம்பல் கோட்டும் சின்னத் தொப்பியும் போட்ட ஒரு அம்மா நின்றார். எழுபது வயது இருக்கும். விடியவே பஸ் எடுத்து வந்திருக்கிறார். கையில் என்னுடைய கடிதம்.

"இதில கையெழுத்து வைச்சது நீங்களோ?"

"ஓம்."

"நான் லூக்கஸ். எங்கட சேர்ச்சுக்கு எப்ப வந்தனீங்கள்?"

"வரேல்லை. படம் பாத்தன்."

"அந்தப் படங்களை எடுத்தது என்ர மருமகன். அவனுக்குப் படம் எடுக்க வராது."

நான் இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை. கடிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தகடு அடிச்சிருக்கு, பழசு ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். மூண்டு வருசத்துக்கு ஒருக்காப் பெயின்ற் அடிக்க எங்களிட்ட ஆக்கள் இல்லை. பலகை உக்கிப் போகக்கூடாது எண்டு நாங்கள்தான் தகடு அடிச்சனாங்கள். காப்பாத்தினதுக்குப் புள்ளி குறைச்சிருக்கிறியள்."

நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

"நான் காசு கேக்க வரேல்லை. அது இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். பாக்காமல் எப்பிடி எழுதினனீங்கள் எண்டு கேக்கத்தான் வந்தனான்."

 பிறகு கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை.

"நீர் ஏன் போய்ப் பாக்கேல்லை?"

"போகச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை."

"போகட்டோ எண்டு கேட்டனீரோ?"

நான் எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

"சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம் இல்லை," என்றார். "போவம்."

சிநேகிதர் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். மிஸ் லூக்கஸ் எங்களைக் கண்டு ஆச்சரியப்படவும் இல்லை, சந்தோசப்படவும் இல்லை. கதவுத் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு தகட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். இவர் ஆணிகளைப் பிடுங்கித் தகட்டை மெல்லத் தூக்கிப் பிடித்தார். உள்ளே அகலப் பலகைகள், கையால் இழைத்தவை, ஒன்றோடொன்று பொருத்தின இடத்தில் நகம் நுழையாது. தகட்டுக்குள் இருந்ததால் ஒரு பலகையும் உக்கவில்லை.

ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினேன். ஏழு வருடம் கூரைகள் கீறினவள் நான். அப்படி ஒரு வேலையை அதற்கு முன் கண்டதில்லை. பெரிய உத்தரங்கள் எல்லாம் மரமுளையால் பூட்டியிருந்தன. எந்தத் துண்டு எதோடு சேரவேண்டும் என்று ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கோடு வெட்டியிருந்தது. கூரை இறங்கினதற்குக் காரணம் தச்சுவேலை இல்லை. பிற்காலத்தில் யாரோ அடுப்புப் புகைபோக்கிக்குத் துளை போட்டிருக்கிறார்கள். அதால் தண்ணீர் ஒழுகி, ஒரே ஒரு உத்தரத்தின் ஒரு நுனி உக்கியிருந்தது. மற்றதெல்லாம் வைத்தபடியே நேராக நின்றது. இதைத்தான் இடிக்கப் போகிறார்கள். இதற்குத்தான் நான் பன்னிரண்டு போட்டேன்.

"இதைக் கட்டினது ஆர்?" என்று மேலே இருந்தபடி கேட்டேன்.

மிஸ் லூக்கஸ் ஏணிக்குக் கீழே நின்றார். "ஐசாயா லூக்கஸ். என்ர அப்பாவின்ர தாத்தா. அங்க அமெரிக்காவில அவர் தச்சனாக இருந்தவர். அவரை அடிமையா வைச்சிருந்த முதலாளிக்கு ஒரு பெரிய வீடு கட்டிக் குடுத்திருக்கிறார். அது இண்டைக்கும் நிக்குது. ரிக்கெற் எடுத்து உள்ள போய்ப் பாக்கலாம். நானும் ஒருக்காப் போனனான். முதலாளி கட்டின வீடு எண்டு போர்டில எழுதியிருக்கு. அந்த மனுசன் ஒரு ஆணிகூட அடிச்சிருக்க மாட்டார்." கூரையைக் கைகாட்டினார். "இது அவர் தன்ர ஆக்களுக்கெண்டு கட்டின முதல் கட்டடம்."

நான் கீழே இறங்கினேன். பழக்கதோசம், வாயில் அந்தக் கேள்விதான் வந்தது. "எழுத்தில ஏதும் இருக்கோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "அவர் ஒரு எழுத்தைப் படிச்சாலே சாட்டையடி விழும். எழுத்தில எப்பிடி இருக்கும்?"

நான் ஒரு கூரையைத் தாளில் கீறிக் காட்டினதற்கு என்னை நம்பி வேலை தந்தார்கள். இந்த மனிதர் கூரையையே கட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், அவரிடம் நான் கடதாசி கேட்கிறேன். 

திங்கட்கிழமை சுப்பர்வைசரிடம் போனேன். குழு முடிவெடுத்துவிட்டது, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கட்டும் என்றார். அடுத்த வருடம் கட்டடம் இருக்காது என்றேன். அது உள்ளூராட்சியின் விசயம் என்றார். கட்டினவரின் பெயரைச் சொன்னேன். குடும்பத்தில் சொல்லிக்கொள்ளும் கதை ஆதாரமாகாது என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் கஷ்டப்பட்ட இடத்தில இருந்து வந்தனீங்கள். அப்பிடியான ஆக்களைக் கண்டால் மனம் இளகும். எனக்கு விளங்குது. ஆனா இந்த வேலைக்கு அது சரிவராது" என்றார்.

என் மனம் இளகவில்லை. கொதித்தது. நான் சொன்னது உத்தரத்தைப் பற்றி. அவர் காதில் விழுந்தது என் கண்ணீர்.

எங்கள் கந்தோரின் கோப்பு அறையில் கரிபியன் தீவொன்றில் இருந்து வந்த ஒரு பெண் இருந்தார். தன் பெயரை எங்கேயும் சொல்லவேண்டாம் என்று பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டார், ஆகவே சொல்லவில்லை. மில் முதலாளியின் கோப்பைக் கேட்டேன். எடுத்துத் தந்துவிட்டு, நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்கு நான் முழுப் புள்ளி போட்ட எழுத்து ஆதாரம் என்ன தெரியுமா? முதலாளியின் பேத்தி தன் செலவில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம். முன்னுரையில் அவவே எழுதியிருந்தா: இதெல்லாம் தாத்தா சொல்லக் கேட்டது.

நான் கோப்பை மூடினேன். "குழுவிட்டப் போய் இதைக் கேக்கப் போறன்."

"கேளுங்கோ," என்றார் அவர். "கேட்டுப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போவினம். உங்கட அறிக்கையைத் திருப்பி எடுங்கோ. அறிக்கை இல்லாட்டி முடிவும் இல்லை. விதியில இருக்கு."

"அப்பிடி ஆரும் செய்திருக்கினமோ?"

"நான் இந்த அறைக்கு வந்து பதினெட்டு வருசம். ஒருத்தரும் செய்யேல்லை. நான் பிழை விட்டிட்டன் எண்டு ஆர் எழுதிக் குடுப்பினம்?"

என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டிருந்தோம், என் சம்பளம் இல்லாமல் அது நகராது. அம்மா அப்போது, சண்டை நடக்கும் மன்னாரில் தனியாக இருந்தா. கடிதம் வரும் ஒவ்வொரு தடவையும் பயந்துதான் பிரிப்போம். இவரிடம் சொன்னேன். இவர், "அந்தப் பலகையை நான் கையால தொட்டனான்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே எங்களைப் போல அறிக்கை எழுதுகிறவர்கள் கேட்டால்தான் கதைக்கலாம். வேறு ஏதும் உண்டா என்று தலைவர் வழக்கத்துக்குக் கேட்டபோது நான் எழுந்தேன். "என்ர அறிக்கை ஒண்டைத் திருப்பி எடுக்கிறன். கட்டடத்தைப் பாக்காமல் எழுதினன். அது பிழை."  கீறிக்கொண்டு போன படங்களை மேசையில் விரித்தேன். குழுவில் ஒரு வயதுபோன பொறியியலாளர் இருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உக்கின நுனியை மட்டும் பார்த்தார். "இதுக்காகவா இடிக்கப் போறாங்கள்? இது இரண்டு கிழமை வேலை."

அறையின் போக்கு மாறிவிட்டது. தலைவர் படங்களைப் புரட்டினார். பிறகு நான் எழுதிக் கொண்டுபோன புதிய அறிக்கையில் ஒரு இடத்தில் நிறுத்தினார். கட்டியவர்: ஐசாயா லூக்கஸ்.

"இதுக்கு ஆதாரம்?"

"மில் வீட்டுக்கு என்ன ஆதாரமோ அதுதான். குடும்பம் சொன்னது."

"அது அச்சடிச்ச புத்தகம்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "வாயால சொன்னதை எழுதத் தொடங்கினால் எல்லாரும் வருவினம். இந்த ஒரு வரியை மாத்துங்கோ. பெயர் தெரியாத தச்சர் எண்டு போடுங்கோ. கூரை திருத்தக் காசுக்கு இப்பவே அனுமதி தாறன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே முதல் பனி இன்றோ நாளையோ விழலாம். மிஸ் லூக்கஸிடம் கேட்க வழியில்லை. என் ஒப்பந்தம், அம்மா, அந்தக் கூரை எல்லாம் ஒன்றாக மேசையில் கிடந்தன. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினேன். மேலே "தெரியாது" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

அனுமதி வந்தது. செலவில் பாதியைச் சபை போடவேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. மில் முதலாளியின் குடும்பத்துக்கும் அதே பாதிதானாம், எல்லாருக்கும் ஒரே நீதியாம். பதினொரு கிழடுகள் பாணும் கேக்கும் சுட்டு விற்று, மாடு விற்று, டிட்ரொயிட்டில் இருந்த சொந்தக்காரரிடம் வாங்கி அந்தப் பாதியைப் போட்டார்கள். பனிக்குள் நின்று கூரையைத் திருத்தினார்கள். இடிக்க வந்த நோட்டீஸைக் கிழித்தார்கள். என் ஒப்பந்தம் நிரந்தரமானது. பிழையை ஒத்துக்கொள்ளும் நேர்மை என்று சுப்பர்வைசர் என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். அம்மா வந்து சேர்ந்தா. மிஸ் லூக்கஸ் எனக்கு ஒரு நன்றிக் கடிதம் போட்டார். அந்த ஒரு வரியைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

எண்பத்தெட்டு கோடையில் தேவாலயத்துக்கு ஒரு வெண்கலப் பலகை கொடுத்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் பூட்டி, துணியால் மூடி, பெரியவர்கள் வந்து பேசினார்கள். நானும் நின்றேன். துணியை எடுத்தார்கள். மிஸ் லூக்கஸ் கிட்டப் போய்ப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"பெயர் தெரியாத தச்சராம்," என்றார்.  பெரியவர்களில் ஒருவர் அவசரமாக, "மதிப்பீட்டு அறிக்கையில அப்பிடித்தான் இருக்கு" என்றார்.

மிஸ் லூக்கஸ் என் பக்கம் திரும்பினார். "நான் உங்களுக்குப் பெயர் சொன்னனான்."

"ஓம். சொன்னனீங்கள். நான் எழுதினனான். பிறகு வெட்டினனான். அப்பதான் கூரைக்குத் தருவம் எண்டவை."

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"நேரம் இருக்கேல்லை."

"கூட்டம் முடிஞ்ச பிறகு இரண்டு வருசம் இருந்தது," என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "முந்தி எங்களிட்ட ஒரு எழுத்தும் இல்லை. இப்ப ஒண்டு இருக்கு. நாளைக்கு ஒருத்தர் வந்து ஆதாரம் கேட்டால், தெரியாது எண்டு வெண்கலத்தில எழுதிக் கிடக்கு." மருமகனைக் கூப்பிட்டார். பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பலகையைத் துணியில் சுற்றி அவர்களின் கார் டிக்கியில் வைத்தார்கள்.

பிள்ளைகள், அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அந்தக் குழுத் தலைவர்மேல் ஒரு பங்கு. பேத்தி அச்சடித்தால் வரலாறு, பூட்டப்பிள்ளை வாயால் சொன்னால் கதை என்று வைத்திருந்த படிவத்தின்மேல் ஒரு பங்கு. மிச்சம் முழுக்க என்மேல். கூரைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். என் வேலையை நான் விட்டுக்கொடுத்திருந்தால் அது என் விசயம். நான் கொடுத்தது இன்னொருவருடைய பெயர். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு மேசையில் அவசரமாக ஒரு வரியை மாற்றச் சொல்வார்கள். மாற்றவேண்டி வந்தாலும் வரும். அன்றே, கையோடு, அது யாருடையதோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை என் அறிக்கையைத் திருத்தி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் போதாது என்று திரும்பி வந்தது. ஓய்வு பெறுவதற்குள் இன்னும் இரண்டு தடவை எழுதினேன். கோப்பு அறைப் பெண் முதல் குறிப்பைக் கோப்பின் மேலேயே வைத்துக் கட்டினார், எடுக்கிறவன் கண்ணில் முதலில் படட்டும் என்று. மிஸ் லூக்கஸ் காலமாகி வெகுகாலம். புதிய பலகை ஒன்றும் போகவில்லை. இப்போது அந்தக் கோப்பு உங்களுடைய அலுமாரியில் இருக்கிறது.

அந்தப் பக்கம் போனால் பாருங்கள். கதவுக்கு இடப்பக்கம் சுவரில் நாலு திருகாணித் துளை தெரியும். சபைக்காரர் அதை அடைக்கவில்லை. அவர் பெயர் ஐசாயா லூக்கஸ். எழுதிக்கொள்ளுங்கள்.